முதல் கேபினில் ஒரு பெயர்

தீர்த்தகிரி பாடி பில்டர்ஸின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கல்வெட்டு வந்து இறங்கியது. வெல்டிங் பிரிவில் தரம் பார்க்கும் கந்தம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'நமது முதல் இரும்புக் கேபினைக் கட்டியவர்: வெல்டர் சின்னான்.'

சின்னான் அவள் கணவர். இறந்து ஒன்பது வருடமாகிறது. நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கேபினைப் பாதிதான் அவர் கட்டினார்.

நாமக்கல்லில் லாரிக்கு மரக் கேபினே போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எடப்பாடிக்காரர் ஒருவர் முழுக்க இரும்பில் கேட்டார். வேலை நடுவில் இருக்கையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் நழுவி, கனத்த இரும்புச் சேனல் ஒன்று சின்னானின் வலது மணிக்கட்டில் விழுந்தது. வேறு வெல்டர் கிடைக்கவில்லை. ஊரில் கணவரோடு சேர்ந்து கதவும் கிராதியும் பற்றவைத்துப் பழகியிருந்த கந்தம்மாள், "நானே முடிச்சுத் தாரனுங்க" என்று முதலாளி தீர்த்தகிரியிடம் போய் நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்தோரு வயது. அவர் சம்மதித்தார். வருகைப் பதிவேட்டில் மட்டும் சின்னான் என்றே எழுதினார். பொம்பளை பற்றவைத்த வண்டி என்றால் எவன் வாங்குவான் என்பது அவர் கவலை.

கந்தம்மாள் நேரே ஈஸ்வரிடம் போனாள். அவர் தீர்த்தகிரியின் மகன், இப்போதைய முதலாளி.

"தம்பி, அவரு பேரு இருக்கட்டுங்க. கூட எம் பேரும் வேணும்."

"ஏனுங்கக்கா இப்படி? ரிஜிஸ்டர்ல அண்ணன் பேருதானுங்க இருக்குது. அவரு பெருமையில நீங்களே பங்கு கேக்கறதா?"

கந்தம்மாள் டார்ச்சை எடுத்துக்கொண்டாள். விழாவுக்காகச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து மீட்டு, புதுப் பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்தியிருந்த அந்த முதல் லாரியிடம் அவரைக் கூட்டிப்போனாள். கேபினுக்கு அடியில் குனியச் சொல்லி டார்ச் அடித்தாள். பற்றவைத்த தையல் மீன்செதில் போல அடுக்கடுக்காக ஓடியது. பாதி வரை செதில்கள் ஒரு பக்கம் பார்த்தன. அதற்கப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன.

"அவரு சோத்துக்கை. இடமிருந்து வலமாப் போவாரு. நான் பீச்சாங்கை. இந்தப் பட்டறையில என்னயத் தவிர வேற பீச்சாங்கை வெல்டரு இருந்ததில்லீங்க."

ஈஸ்வர் வெகுநேரம் பார்த்தார். எழுந்து கைக்குட்டையால் கையைத் துடைத்தார். "நம்புறனுங்கக்கா. ஆனா கல்லு வெட்டியாச்சு. மேடையில உங்களுக்குப் பெரிய சால்வையாப் போட்டரலாம். மூத்த தொழிலாளின்னு."

"நான் மூத்தவங்கறதுக்காக வந்து நிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

விழாவன்று பந்தல் நிறைந்திருந்தது. பேர் சொல்லி அழைத்ததும் கந்தம்மாள் மேடை ஏறவில்லை. வெல்டிங் கூடத்திலிருந்து மிஷினைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகமூடியை இறக்கினாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க சாமி. கண்ணக் கூசும்."

கேபின் கதவுக்குக் கீழே, பளபளத்த சிவப்புப் பெயிண்ட் பொரிந்து கருகியது. இடது கையில் பிடித்த வெல்டிங் ராடு ஒவ்வொரு எழுத்தாக இரும்பை உருக்கிப் போனது. 'கந்தம்மாள்.' இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தோம் என்ற கோபம், எல்லாக் கோபத்தையும்விடப் பெரிதாக இருந்தது.

"அக்கா, பெயிண்டெல்லாம் போச்சே!" என்று ஓடிவந்தார் ஈஸ்வர்.

"பெயிண்ட் மறுக்கா அடிச்சுக்கலாமுங்க."

திங்கட்கிழமை காலை மேனேஜர் மேடு பள்ளத்தை நிரவும் பட்டியும் பெயிண்டும் கொடுத்துப் பெயிண்டரை அனுப்பினார், எழுத்தை மூடச்சொல்லி. வெல்டிங் கூடத்தில் ஒவ்வொரு மிஷினாக நின்றது. நாற்பது பேர் வெளியே வந்து லாரியைச் சுற்றி நின்றார்கள். வந்தவன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

பத்து மணிவாக்கில் ஈஸ்வர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார்.

"துருப்பிடிச்சுரும்" என்றார் பெயிண்டரிடம். "மேல கலரில்லாத கிளியர் கோட் மட்டும் அடி. எழுத்து நல்லாத் தெரியோணும்."

கந்தம்மாள் கூடத்துக்குத் திரும்பினாள். காலையில் முடித்த பஸ் சட்டம் ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். மூலையில் ஓர் இடம் சரியில்லை. சாக்பீஸால் வட்டம் போட்டு, அதைப் பற்றவைத்த பையனிடம் "இத வெட்டி எடுத்துட்டு மறுபடி போடு" என்றாள்.