நைனாவின் துப்பாக்கிக்கு விலை

"இரும்ப யாராச்சும் புளி போட்டுத் தேய்ப்பாங்களா? நீயே சொல்லு வேண்டா, தேய்ச்சியா இல்லியா?"

"நான் இன்னாத்துக்கு அண்ணாத்த தேய்க்கப் போறேன்? துரு புடிக்காது…"

"அப்ப இன்னா இது, குத்துவெளக்கு கணக்கா மின்னிகினு…"

"அதத்தான் நானும் கேக்கறேன்! நேத்து சாயங்காலம் வரைக்கும் கறுப்பா இருந்தது…"

"ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீதான அத எடுத்து…"

"எண்ணெ போட்டேன்! வெளக்கெண்ணெ! புளி போட்டேன்னு எவன் சொன்னான்?"

அண்ணன் கோதண்டராமனும் தங்கை வேண்டாவும் ஒரே மூச்சில் கத்திக்கொண்டிருக்க, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பரணிதரன் தலையில் கை வைத்து நின்றார். "நீலம் போச்சே, நீலம் போச்சே" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. அந்த வார்த்தைதான் சண்டையைக் கிளப்பியதும்.

அவர் அணுசக்தி ஆபீசில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்காக ஊர் ஊராகப் போய் மதிப்புப் பார்த்துச் சொல்வார். அன்றைக்கு அவரைச் செங்கல்பட்டுக்கு உள்ளே இருக்கும் இந்த ஊருக்கு அனுப்பியவர் முட்டுக்காட்டில் இருக்கும் சியாமளா மேடம். பரணிதரன் சரி என்றால்தான் அந்த அம்மாள் பணத்தை எடுப்பார்.

துப்பாக்கி, கடலைக் கொல்லையில் நரி விரட்ட இவர்களுடைய நைனா லைசென்ஸோடு வாங்கி வைத்தது. இங்கிலாந்துச் சரக்கு. நைனாவுக்குப் பிறகு அது வேண்டாவின் பெயருக்கு வந்தது. விற்க அனுமதியும் வாங்கியாயிற்று. பொத்தேரியில் யாரோ நடத்தும் மெஸ்ஸில் கரண்டி பிடித்துக்கொண்டிருக்கும் வேண்டாவுக்கு, சொந்தமாக மெஸ் போட அதே தெருவில் ஒரு கடை காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் கடை அவளுடையது. இல்லையென்றால் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு. அவள் கையில் விற்பதற்கென்று இருந்தது இந்த ஒன்றுதான்.

"சார், நீலம் நீலம்ன்றீங்களே, அது இன்னா சார்?" என்றாள் வேண்டா.

"இரும்பு மேல கம்பெனியிலேயே ஏத்துற கருநீலப் பூச்சும்மா. அது போட்ட மாதிரியே இருந்தாத்தான் சேகரிக்கிறவங்க மதிப்பாங்க. தேய்ச்சு எடுத்துட்டா பாதிக்கு மேல போச்சு. புதுசா ஏத்தினாலும் பிரயோஜனம் இல்ல."

கோதண்டராமன் மாட்டுத் தரகர். அவருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. "இன்னா சார் பேஜாரா கீது! மாட்டுக்கு வயசானா நான் வெல கொறைப்பேன். நீங்க வயசானாத்தான் வெலன்றீங்க."

"வயசு இருக்கணும். ஆனா பல்லு விழுந்திருக்கக் கூடாது."

"அப்டி ஒரு மாட்ட எந்த சந்தைலயும் நான் பாத்ததில்ல சார்."

"அதனாலதான் விலை."

துப்பாக்கி கயிற்றுக்கட்டிலில் வெள்ளை வேட்டி விரிப்பின் மேல், கழுத்தில் சாமந்திச் சரத்தோடு, குழல் நுனியில் சந்தனப் பொட்டோடு கிடந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி வைத்திருந்தார் கோதண்டராமன். பரணிதரன் பெருமூச்சு விட்டபடியே கிட்டே வந்தார். வந்ததற்கு உள்ளேயாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று சரத்தைக் கழற்றி, துப்பாக்கியைத் தூக்கினார். தூக்கியவர் கையைப் பார்த்தார். விரல், உள்ளங்கை எல்லாம் வெள்ளி. துடைத்துக்கொள்ளச் சட்டையில் கை வைத்தார். சட்டையில் ஐந்து வெள்ளி விரல்.

"இது… ஒட்டுதே!"

வேண்டா மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"அண்ணாத்த."

"இன்னா?"

"மாட்டுக் கொம்புக்கு அடிச்சியே, அந்த சில்வர் பெயிண்டு டப்பா எங்க?"

"அது… சந்தைக்கு ஓட்டிகினு போறதுக்கு முன்னாடி கொம்புக்கு ரெண்டு இழுப்பு இழுத்தா மாடே எளசாத் தெரியும் வேண்டா. வர்றவங்களுக்கு ஒரு லுக்கு வேணாமா?"

"அத அடிச்சிட்டு, என்ன நிக்க வெச்சு புளி போட்டியான்னு கேட்டியா!"

"புடிக்கிற கட்டைக்குச் செவப்பு அடிக்கலாம்னுதான் இருந்தேன். பெயிண்டு கடைய சாத்திட்டான்."

பரணிதரன் துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "கட்டைக்கு அடிக்கலியே? சாமி! கடை சாத்தினவன் நல்லா இருக்கணும்! அம்மா, மண்ணெண்ணெய் இருக்கா? பழைய பனியன் ஒண்ணு?"

ரேஷன் மண்ணெண்ணெய் வந்தது. பனியன் கோதண்டராமன் போட்டிருந்ததுதான்; வேண்டா கழற்றச் சொன்னாள், அவர் கழற்றிக் கொடுத்தார். பரணிதரன் முதலில் துப்பாக்கியைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலை மெதுவாக ஒரு துடைப்புத் துடைத்தார். வெள்ளி அப்படியே பாலாடை போல் வழித்துக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக வேண்டா ஏற்றிய விளக்கெண்ணெயின் மேல் அது பிடிக்கவே இல்லை. அடியில் கத்தரிக்காய்த் தோல் மாதிரி கருநீலம், வெயிலில் பார்த்தால் ஊதா.

"அம்மா! அம்மா! நீலம்!" ஆபீசர் ஆள், குழந்தை மாதிரி குதித்தார்.

"நீலம் கீதா சார்?"

"அப்படியே இருக்கும்மா!"

"இரு சார், இன்னும் பல்லு பாக்கல" என்றார் வெற்றுடம்போடு கோதண்டராமன், தரகர் புத்தி திரும்பி.

"அதையும் பாத்துடுவோம்." பரணிதரன் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்தார். "இதோட ஊசி தோட்டாவோட நடுவுல அடிக்கிற ரகம் இல்ல. விளிம்புல அடிக்கும். தோட்டா இல்லாம விசைய சும்மா சும்மா இழுத்தா ஊசி போய் குழல் வாய் விளிம்புலயே குத்திப் பள்ளம் பண்ணிடும். பழைய துப்பாக்கியில பெரும்பாலும் அந்தப் பள்ளம் இருக்கும். பசங்க விளையாடியிருப்பாங்க."

"எங்க வூட்ல எவன் தொடுவான் சார்? தொட்டா நைனா தோல உரிச்சிடுவாரு. இதோ, எங்க அண்ணாத்த ஒருக்கா தொட்டாரு. கேளுங்க, எங்க உரிச்சாருன்னு."

"வேண்டா, அதெல்லாம் இப்ப எதுக்கு!"

பரணிதரன் டார்ச்சை அடித்துக் குழல் வாயை வெகுநேரம் பார்த்தார். பூட்டில் பொறித்திருந்த நம்பரும் குழலில் இருந்த நம்பரும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்தார். திருகாணிகளைப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. "ஒரு பள்ளம் இல்ல. ஒரு ஆணி மாத்தல. இந்த ரகத்துல இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லம்மா."

அவ்வளவுதான். கோதண்டராமன் தோள் துண்டை உதறி பரணிதரனின் வலக்கை மேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டார். மாட்டுத் தரகில் விலையை வாயால் சொல்வது வழக்கமில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. எதிராளி கையை உருவினால் விலை கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். விரலைக் குறைத்துப் பிடிக்க வேண்டும்.

கோதண்டராமன் பிடித்தார். பரணிதரன் "ஹிஹி" என்று நெளிந்து கையை உருவினார். கோதண்டராமன் முகம் சுருங்கியது. ஒரு விரல் குறைத்தார். பரணிதரன் "ஐயோ, விடுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே மறுபடி உருவினார். இன்னொரு விரல் குறைந்தது. வேலியோரம் கூடியிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். துண்டு குலுங்குவதைப் பார்த்தே வேண்டாவுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. கடையின் ஷட்டர் பாதி இறங்குவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அண்ணாத்த! அந்தாளுக்குக் கூச்சம்! நீ இன்னாத்துக்கு எறக்கிகினே போற?"

"கைய உருவுறாரே!"

"கிச்சுகிச்சு மூட்டினா உருவாம?" துண்டைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "சார், நீங்க சொல்லுங்க. இன்னா வெல?"

பரணிதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் மதிப்பு சொல்றவன் மட்டும்தாம்மா. வாங்கறது மேடம்" என்று செல்போனை எடுத்தார். "மேடம், கிளம்பி வந்தது வீண் போகல. முழு மதிப்பு. ஆமா, நீலம் முழுசா. உரிமைக்காரங்களே பேசுறாங்க." போனை வேண்டாவிடம் நீட்டினார்.

"வாயால வெல சொல்லிடாத வேண்டா!" கோதண்டராமன் வேலியைக் காட்டிப் பதறினார். "ஊரே காதத் தீட்டிகினு நிக்குது!"

வேண்டா போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள்.

"வணக்கம் மேடம், போன்ல வெரல் புடிக்க முடியாது. நானே பஸ் ஏறி முட்டுக்காட்டுக்கு வர்றேன், உங்களுக்குக் கூச்சம் கீச்சம் ஒண்ணும் இல்லியே?"