ராக்லி வீட்டு வாசற்படி

ரசமட்டத்தின் குமிழ் இம்மி பிசகாமல் நடுவில் வந்து நின்றது. டெஸ்ஸாவுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ராக்லி வீட்டுக்குப் புது வாசற்படி. அவளே அறுத்து, இழைத்து, பொருத்தியது.

கரோலினா மலைப் பள்ளத்தாக்கில், தேசியப் பூங்காவின் பழைய மரவீடுகளைப் பழுதுபார்க்கும் கோடைப் பயிற்சிக்காக ஒஹையோ கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். பழைய படியின் அடியில் குத்தூசியை வைத்து அழுத்தியபோது, வெண்ணெயில் இறங்குவதுபோல் விரல் நீளத்துக்கு இறங்கியது. உளுத்த கட்டை. மேலே நடுவில் பெரிய பள்ளம் வேறு. அதே அளவில் ஓக் கட்டை வெட்டினாள். பிற்காலத்தில் யாரும் பழசென்று ஏமாறக் கூடாதல்லவா? வழக்கப்படி அடிப்பக்கத்தில் இந்த வருஷத்தை முத்திரை குத்தினாள். பழையது குப்பை டிரக்கில் ஏறிப் பூங்காவின் யார்டுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் வெர்னா ராக்லி வந்தாள். ஒரு கையில் துடைப்பம், இடுப்பில் குழந்தை. பூங்காவுக்காக இந்தப் பள்ளத்தாக்கைக் காலி செய்த குடும்பங்கள் வருஷத்தில் ஒருநாள் திரும்பி வந்து, கல்லறைகளில் பூ வைத்து, புல்வெளியில் சேர்ந்து சாப்பிடுவார்கள். நாளை மறுநாள் ஞாயிறு அந்த நாள். வீட்டைக் கூட்டிவைக்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, இங்க இருந்த பள்ளம் எங்க?"

"அது உளுத்துப் போச்சுங்க. புதுசு போட்டுட்டேன். எவ்வளவு மட்டமா இருக்கு பாருங்க!"

"மட்டமா இருக்கு." வெர்னா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "எங்க குடும்பத்துல எந்தக் குழந்தையும் முதல்ல நிக்கிறது அந்தப் பள்ளத்துலதான். என்னை நிறுத்தினது எங்கப்பா. மார்ச்சுல அவரைப் புதைச்சோம். இவனை, ஐசக்கை, நான் நிறுத்துறேன்ப்பான்னு ஆஸ்பத்திரியில அவர் கையைப் பிடிச்சுச் சொன்னேன்."

டெஸ்ஸா தன் புதுப் படியைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பள்ளம் சேதமில்லை. நூறு வருஷத்துக் கால்கள் தேய்த்தது. அதைத்தான் அவள் ரசமட்டம் வைத்துச் சரிசெய்திருக்கிறாள்!

கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்த குழுத்தலைவன் ஹார்லன் ஏணியில் சரசரவென்று இறங்கினான்.

"அடியில குத்திப் பாத்த. மேல பாத்தியா?"

"இல்ல" என்றாள் டெஸ்ஸா.

"நல்லா இருக்கு! நானும் பாக்காமதான் சரின்னு தலையாட்டினேன். திட்டுல பாதி எனக்கு. அப்புறம் வாங்கிக்கலாம், வண்டியில ஏறு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம், யார்டில் சேர்ந்த கட்டைகளையெல்லாம் மிஷினில் போட்டுத் தூளாக்கிவிடுவார்கள்.

ஜீப் மண்சாலையில் பறந்தது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. பிரேக்!

சாலையின் குறுக்கே எல்க் மான் கூட்டம். பெண்மான் ஒன்று ஜீப்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாவகாசமாக அசைபோட்டது.

"ஹாரன் அடிங்களேன்!"

"அடிச்சா குட்டி மிரண்டு ஓடும். அப்புறம் அதோட ஆத்தா நம்ம ஜீப்பை மிதிக்கும். பொறு."

தூரத்தில் மிஷின் உறுமுவது கேட்டது. டெஸ்ஸா நகத்தைக் கடித்தாள். கடைசி மான் நகர்ந்த நொடியில் ஜீப் பாய்ந்தது. யார்டின் கேட்டைத் தொடும்போது உறுமல் சட்டென்று நின்றது.

முடிந்துவிட்டது. கட்டைக் குவியல் இருந்த இடத்தில் மரத்தூள்தான் மலையாகக் கிடந்தது. டெஸ்ஸா முட்டி போட்டு இரண்டு கைகளாலும் அதைக் கிளறினாள். கண்ணில் நீர் முட்டியது.

"அதுக்குள்ள என்னம்மா தேடுற? மோதிரமா?"

மர நிழலில் மிஷின்காரன் டுவெய்ன் தக்காளி சாண்ட்விச்சும் கையுமாக உட்கார்ந்திருந்தான். இரண்டு கற்களின்மேல் ஒரு கட்டை. அதன் நடுப்பள்ளத்தில் அவனுடைய பெருத்த பின்புறம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"எந்திரிங்க!" டெஸ்ஸா அலறினாள்.

"ஏன்? இருபது வருஷத்துல எனக்குன்னே அளவெடுத்த மாதிரி கிடைச்ச ஒரே பெஞ்சு இது. அதான் மிஷின்ல போடாம எடுத்து வெச்சேன். தரமாட்டேன்!"

"டுவெய்ன், ஞாயித்துக்கிழமை ராக்லி வீட்டுல வறுத்த கோழி" என்றான் ஹார்லன்.

டுவெய்ன் யோசித்தான். "வாழைப்பழ புட்டிங்கும் உண்டா?"

"உண்டு."

எழுந்துவிட்டான்.

மேலே குத்திப் பார்த்தால் குத்தூசி இறங்கவே இல்லை. கல் மாதிரி இருந்தது. சனிக்கிழமை முழுக்க டெஸ்ஸா கட்டையைக் கவிழ்த்துப் போட்டு, உளுத்த அடிப்பாகத்தை மட்டும் உளியால் செதுக்கி எடுத்தாள். தான் பொருத்திய புதுப் படியைக் கழற்றி, முத்திரை உள்ள அடிப்பகுதியை வைத்துக்கொண்டு மேலே மொத்தமாக இழைத்துத் தள்ளினாள். ஆசை ஆசையாக மட்டம் பார்த்த மேல்பக்கம் சுருள் சுருளாக உதிர்ந்தது. மிஞ்சிய ஓக்கைப் பழைய படிக்கு அடியில் பசை போட்டு இறுக்கினாள். பழைய பள்ளம் மேலே வந்தது. அவளுடைய வேலை யார் கண்ணிலும் படாமல் அடியில் போயிற்று.

ஞாயிறன்று ராக்லி கூட்டம் வாசலைச் சூழ்ந்து நின்றது. வெர்னா குனிந்து, கன்னத்தைப் பள்ளத்தில் ஒரு நொடி வைத்து எடுத்தாள். பிறகு டெஸ்ஸாவைத் தேடிப் பிடித்தாள்.

"அங்க ஏன் ஒளிஞ்சு நிக்கிற? இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன், அந்தக் கையை நீ பிடி கண்ணு."

பிசுபிசுத்த பிஞ்சு விரல்கள் டெஸ்ஸாவின் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன. குழந்தை பள்ளத்தில் நின்றது. ஆடியது. நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். ஐசக் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு பொத்தென்று பள்ளத்திலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"நான் சொல்லல?" கோழிக்காலோடு பின்னாலிருந்து டுவெய்ன் கத்தினான். "அது உக்காரத்தான்யா லாயக்கு!"