டப்பா வேனுக்கு ஒரு வால்

வேனை விற்கப்போகிற விஷயம், மோகனப்ரியா ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் காதுக்கு வந்தது. ஆபீஸிலிருந்து வந்த அவள் கணவன் மனோஜ்குமார் ஷூவைக் கழற்றியபடியே சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை ஜகதீசன் சார் வண்டி பாக்க வர்றாரு. அவரு கேட்டரிங்குக்கு வேணுமாம்."

"எந்த வண்டிய?"

"நம்ம வேனைத்தான். பெட்ரோல் குடிக்குது பிரியா. ஹைவேயிலகூட லிட்டருக்குப் பதிமூணு தாண்டறதில்ல. குடுத்துட்டு ஒரு சின்ன கார் வாங்கிடலாம், அல்வா?" அவன் பேச்சில் கன்னடம் கலந்துதான் வரும்; இந்த 'அல்வா'வுக்கு 'இல்லையா' என்று பொருள்.

மோகனப்ரியா கத்தியைக் கீழே வைத்தாள். மைசூர் அக்ரஹாரத்தில் அவள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுக்கும் தொழில் நடத்துகிறாள். அவளுடைய சொந்த ஊர் ஹனூர் பக்கம் என்பதால் கொள்ளேகால், ஹனூர் கடைக்காரர்களின் ஆர்டர்களும் அவளுக்குத்தான் வரும். பலகைகளை அந்த வேனில் ஏற்றி அவளே ஓட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவாள்.

"எட்டடி போர்ட உங்க சின்ன காருல எங்கீங்க வைக்கிறது? மடியிலயா?"

"அதுக்கு ஒரு ஆட்டோ பிடிச்சுக்கலாம்."

"ஹனூருக்கு ஆட்டோவா?" அவள் சற்று யோசித்தாள். "சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கு விடுங்க. பதினஞ்சு குடுத்துச்சுன்னா வண்டி நம்ம வீட்லயே நிக்கட்டும். இல்லீன்னா சாவிய நானே எடுத்து அவரு கையில குடுத்தர்றேன்."

"எப்படிக் குடுக்கும்? எஞ்சினை மாத்தப்போறியா?"

"எஞ்சினத் தொடமாட்டேன். காத்துப் போற வழிய மாத்தப்போறேன்."

மனோஜ் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ரூபா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

அவள் இதை வீம்புக்குச் சொல்லவில்லை. மழையில் ஓட்டிவந்தால் வேனின் பக்கங்கள் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். பின்கண்ணாடி மட்டும் சேறு அப்பிக் கிடக்கும். மழையே அடிக்காத பின்பக்கத்தில் சேறு எப்படி ஏறுகிறது என்று தேடியபோது யூடியூபில் விடை கிடைத்திருந்தது. வேனின் முதுகு செங்குத்தாக வெட்டிவிட்டது போல இருப்பதால், காற்று அங்கே சுழன்று திரும்பி வருகிறது. அந்தச் சுழல்தான் சேற்றைக் கொண்டுவந்து பூசுகிறது, வண்டியையும் பின்னால் பிடித்து இழுக்கிறது. உள்பக்கமாகக் குறுகிக்கொண்டே போகும் ஒரு வாலைப் பொருத்தினால் சுழல் சிறுத்துவிடுமாம். பலகைக் கடைக்காரிக்கு வால் செய்யப் பொருளா இல்லை?

வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வேன் ரிங் ரோட்டில் நின்றது. முந்தின நாள் கடையில், பெயர்ப்பலகைக்குப் பயன்படும் சன்போர்டு என்ற லேசான நுரை அட்டையை அறுத்து ஒன்றரை அடி நீளத்துக்கு வால் செய்திருந்தாள். பின்கதவு, கூரை ஓரம், வால் என்று எல்லா இடத்திலும் விரல் நீளத்துக்குச் சிவப்பு உல்லன் நூல் ஒட்டியிருந்தாள். நூல் ஆடுவதை வைத்துக் காற்று போகும் விதத்தைக் கண்டுகொள்ளலாம். ஆனால் ஓட்டுகிறவளுக்கு முதுகுப் பக்கம் தெரியாது. அதனால்தான் மனோஜைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஸ்கூட்டரில் பின்னால் வரச் செய்திருந்தாள்.

"ஸும்னே தூக்கம் கெட்டுது," என்று முணுமுணுத்தபடி அவன் ஹெல்மெட் மாட்டினான்.

வாலைக் கழற்றி வைத்துவிட்டு முதல் முறை ஓட்டினாள். நின்றதும் அவன் சொன்னான்: "எல்லா நூலும் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. சிலது வண்டியப் பாத்தே திரும்பி நிக்குது."

வாலை மாட்டி இரண்டாம் முறை ஓட்டினாள். "வால்மேல இருக்கறதும் அப்படித்தான் ஆடுது. நான் சொன்னேன்ல?"

மோகனப்ரியா வாலைச் சுற்றி வந்து பார்த்தாள். பலகைகளை அளவுக்கு மீறி உள்ளே சாய்த்துவிட்டோம், காற்றால் அவ்வளவு திரும்ப முடியவில்லை என்று தோன்றியது. மூலைகளைப் பிரித்து, சாய்வைக் குறைத்து, டேப்பைச் சுற்றி ஒட்டினாள். மூன்றாம் முறை கிளம்பினார்கள்.

வேகம் எழுபதைத் தொட்டபோது பின்னால் ஸ்கூட்டர் ஹார்ன் விடாமல் அலறியது. அடுத்த நொடியே படாரென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் வால் பிய்ந்து சாலையோரப் புதருக்குள் போய் விழுந்திருந்தது. நல்லவேளை, சாலையில் வேறு வண்டி இல்லை. ஓரங்கட்டி இறங்கினாள். மனோஜ் வாலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்து அவள் வாயைத் திறப்பதற்குள்,

"படுத்திருச்சு பிரியா!" என்று கத்தினான். "பிய்யறதுக்கு முன்னாடி நூலெல்லாம் அப்படியே தலைவாரி விட்ட மாதிரி படுத்திருச்சு! ஒண்ணுகூட ஆடல. நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன்!"

"வாலே போயிருச்சேங்க."

"போனா போகட்டும் பிடு, விடு! வேற செய்யலாம். சன்போர்டு தாங்காது. அலுமினியம் ஷீட் இருக்கில்ல கடையில? ரிவெட் அடிச்சுடலாம். நான் லீவு போடறேன்."

லீவு போடுகிறான்! காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவன். மோகனப்ரியாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க இருவரும் கடையில் கிடந்தார்கள். அவள் ஷீட்டை அறுக்க, அவன் ஓட்டை போட்டு ரிவெட் அடித்தான். நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறையக் கூடாதென்று கீழ்ப்பகுதிக்குக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட் வைத்தாள். முன்பக்கம் பம்பருக்கு அடியில் புகும் காற்றைத் தடுக்க ஒரு ரப்பர்ப் பட்டை. அது அவன் யோசனை. வால் பின்கதவோடு சேர்ந்து மேலே எழும்புகிற மாதிரி அமைந்ததும் அவன் கதவை நாலைந்து தடவை திறந்து மூடி ரசித்தான்.

சனிக்கிழமை காலையில் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு கொள்ளேகாலுக்குக் கிளம்பினார்கள். எதிர்காற்றோ பின்காற்றோ எதுவானாலும் போக வர இரண்டும் சேர்ந்தால் சமமாகிவிடும் என்பது அவள் கணக்கு. ஆடிக் காற்று கரும்புத் தோட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்தக் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து மல்லுக்கட்டுவாள். இன்று வேன் நேராகப் போனது.

திரும்பி வரும்போது டி.நரசிபுரம் தாண்டி ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். சட்டையில் பசவராஜ் என்று பெயர். அவர் வண்டியைச் சுற்றி வந்து வாலின் முன் நின்றுவிட்டார்.

"ஏனம்மா இது? ராக்கெட்டா?"

மோகனப்ரியா கன்னடத்தில் விளக்கினாள். மனோஜ் குறுக்கே புகுந்து கைகளால் காற்றைச் சுழற்றிக் காட்டினான். பசவராஜ் பிரேக்கை மிதிக்கச் சொன்னார், இண்டிகேட்டர் போடச் சொன்னார், தள்ளி நின்று நம்பரை வாய்விட்டுப் படித்தார். எல்லாம் தெரிந்தது. வாலைப் பிடித்து உலுக்கினார், அசையவில்லை.

"திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி அனுமதி கேளுங்கள். அவர்கள் கூடாதென்றால் கழற்றிவிட வேண்டும்," என்று கன்னடத்தில் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு கொடுக்கிறது?" என்று கேட்டார்.

"தெரியாது சார். அதைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்," என்றாள் அவள்.

மைசூர் வந்து அதே பங்கு, அதே பம்பு. பங்குப் பையன் குழாயைச் செருகினான். மனோஜ் மீட்டருக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டான். வழக்கமான அளவு வருவதற்கு வெகு முன்பே 'டக்'கென்று நின்றுவிட்டது.

"நின்னுடுச்சு! இன்னும் பிடிக்கும், ஊத்துப்பா."

"இல்ல சார், ஃபுல்."

"நல்லா பாரு."

மீண்டும் செருகியதும் உடனே நின்றது. மோகனப்ரியா போனில் வகுத்துப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் மறுபடி வகுத்தாள். பிறகு போனை அவனிடம் நீட்டினாள். பதினைந்து புள்ளி ஆறு.

மனோஜ் பங்கின் நடுவில் ஒரு குதி குதித்தான். பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் என்னவோ ஏதோவென்று வண்டியைவிட்டு இறங்கிவிட்டார். மோகனப்ரியா குதிக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜகதீசன் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். விஜயநகரில் கல்யாணம் காட்சிக்கெல்லாம் சமைக்கிறவர். வந்தவருக்கு வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மனோஜின் கால்கள்தான் முதலில் தெரிந்தன.

"மன்னிச்சுக்குங்க சார், வண்டி குடுக்கறதில்ல," என்றது அடியிலிருந்து வந்த குரல். அதன் பின்னாலேயே அவனும் வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். "அடியில ஒரு ஷீட் அடிச்சா பதினாறு தாண்டும். சக்கரத்துக்கும் மூடி போடப்போறோம்."

ஜகதீசனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப என்னை எதுக்கு வரச்சொன்னீங்க?"

மோகனப்ரியா காபியோடு வந்தாள். "தப்புதாங்க சார், போன் பண்ணியிருக்கோணும். சந்தோசத்துல மறந்துபோட்டோம்." டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேனின் கூரை ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு நூலைத் தொட்டுக் காட்டினாள். "ரிங் ரோட்ல ஒரு ரவுண்டு போலாமுங்களா? நீங்க அவரு ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து பாருங்க. நான் வண்டிய எடுக்கறேன்."

ஜகதீசன் வேனைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், மனோஜின் முகத்தைப் பார்த்தார். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஹெல்மெட் எங்கே என்று கேட்டார்.