ஹசன் வீட்டில் நாற்பத்தொரு பேர்

1.

இந்தக் கதை ஒரு எண்ணிலிருந்து பிறந்தது. கனவு, மழை, பழைய கடிதம் என்று எழுத்தாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பிறப்பிடங்கள் எல்லாம் என்னிடமும் கைவசம் இருக்கின்றன. ஆனால் உண்மை, தலைப்பில் நீங்கள் பார்த்த அந்த எண்தான். போன பங்குனியில் நான் அச்சடித்த ஒரு பட்டியலில் அது என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது.

நான் யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்தில் இணுவிலில் இருந்துகொண்டு கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன். பெயர் மயூரதன். கதையும் எழுதுவேன். இரண்டில் எது நன்றாக வரும் என்று கேட்டால் நிரல்தான் என்பேன். கதையைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்.

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கணினி பொய் சொல்லாது என்று நம்பிய ஒருவன்" (இதை விட்டுவிட்டேன். உபதேசம் வரப்போகிறது என்று நீங்கள் ஓடிவிடுவீர்கள்.)

"அது நடந்தபோது நான் பிறந்திருக்கவில்லை, ஆகவே" (இதையும் விட்டேன். ஏன் என்று பிறகு தெரியும்.)

"உம்மு குல்தூம் எந்த இடத்துக்கும் முதல் ஆளாக வருபவர்." இதுதான் சரியான தொடக்கம். ஆனால் அதற்கு முன் பட்டியலை விளங்கப்படுத்த வேண்டும். அவர் வாசலில் கொஞ்சம் நிற்கட்டும்.

2.

தொண்ணூறாம் ஆண்டு ஆயுதமேந்திய தமிழ் இயக்கத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில், திரும்பி வந்து குடியேற விரும்புகிறவர்களுக்காக ஒரு நிறுவனம் வீட்டுத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. (நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் பிழை விட்டது நான்.) ஆறு ஊர்களில் பதிவு நடந்து, ஆறு கோப்புகள் வந்தன. ஒரு வரிக்கு ஒரு குடும்பம்: இலக்கம், குடும்பத் தலைவரின் பெயர், எத்தனை பேர். அவற்றை ஒரே பட்டியலாக்கித் தரும்படி தயாளினி கேட்டார். அந்த நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கந்தோருக்கு அவர்தான் பொறுப்பு.

வேறு யாராவது என்றால் ஆறு கோப்பையும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். முதல் கோப்பைத் திறந்து வாசி, முடிந்ததும் அடுத்ததைத் திற, நடுவில் நிற்காதே என்று எட்டே வரியில் ஒரு நிரல் எழுதினேன். ஆறு தண்ணீர்த் தாங்கிகளை ஒரே பைப்பில் கொழுவிவிட்ட மாதிரி. பைப்பைத் திறக்கிறவருக்கு எந்தத் தாங்கி எங்கே முடிந்தது என்று தெரியாது, தெரியவும் தேவையில்லை. நிரல் ஒன்றிலிருந்து புதிதாக இலக்கமிட்டுக்கொண்டே போனது. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

சரியும் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை வரி என்று கணினியிடம் கேட்டுக் கூட்டினேன்: நானூற்றுப் பன்னிரண்டு. அச்சடிக்க முன் தயாளினியும் நானும் கடைசியாக ஒருமுறை கண்ணை ஓட்டினோம். 138ஆவது ஹசன், குடும்பத்தில் 41 பேர். அதற்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன்*, இருவரும் சிரித்தோம். பிறகு கந்தோரின் வெளிச்சுவரில் ஒட்டினோம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அங்கே வந்து என்னிடம் சொல்லவேண்டும். அதன் பிறகு பட்டியல் கொழும்புக்குப் போய்விடும். பெயர் இல்லாதவருக்கு வீடும் இல்லை.

* அந்த வார்த்தையை ஐந்தாம் பிரிவில் தருகிறேன். துணிவில்லாமல் தள்ளிப்போடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். கொஞ்சம் அதுவும்தான்.

3.

புதன்கிழமை காலை, கந்தோர் திறக்க முன்னமே உம்மு குல்தூம் வாசலில் நின்றார். வயது ஐம்பத்தெட்டு. பட்டியல் பார்ப்பதற்கென்றே நீர்கொழும்பிலிருந்து வந்து, நகரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்.

"தம்பி, என்ரை பேர் இல்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ அம்மா?"

"மூண்டு தரம் பாத்தன். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பி அவவும் பாத்தவ. இல்லை."

"அப்ப நீங்கள் பதியேல்லைப் போல."

"நானோ? நீர்கொழும்பிலை முதல் ஆளாப் பதிஞ்சது நான்தான். எனக்குப் பிறகுதான் மற்ற எல்லாரும்." அவர் என்னை ஒருமுறை அளவெடுத்துவிட்டுத் தொடர்ந்தார். "அண்டைக்கு வீட்டை விட்டுப் போகச்சொல்லி ரெண்டு மணித்தியாலம் தந்தவை, தம்பி. உம்மாவின்ரை மருந்துப் போத்தலைத் தேடினதிலையே ஒரு மணித்தியாலம் போட்டுது. அதுக்குப் பிறகு நான் ஒரு இடத்துக்கும் பிந்திப் போறேல்லை."

கந்தோர் திறந்ததும் உள்ளே கூட்டிப்போய்த் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "ஆறு லிஸ்ட்டும் முழுசா வாசிச்சிருக்கு. ஒரு வரியும் விடுபடாது. கொம்பியூட்டருக்குப் பாகுபாடு இல்லை அம்மா."

கடைசி வாக்கியத்தை உண்மையிலேயே சொன்னேன். கதைக்காகச் சேர்க்கவில்லை, கதைக்காக நீக்கத்தான் பார்த்தேன்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. "வெள்ளி நாலு மணி மட்டும் நேரம் இருக்கு, என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

4.

அன்று மத்தியானம் ஹசன் வந்தார். இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. குடும்பத்தில் ஆள் கூடினால் வீட்டில் அறையும் கூடும் என்பது திட்டத்தின் விதி. தன் பெயருக்கு நேரே 41 என்று கண்டவர் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதானே நம்பும்படி இருக்கும்? ஒரு வரைவில் அப்படித்தான் எழுதினேன். ஹசன் பட்டியலைப் பார்க்கிறார், தாடியைத் தடவுகிறார், தனக்குள் சிரித்துக்கொண்டு...

இந்த வரைவு மிகவும் சரளமாக வந்தது. அவ்வளவு சரளமாக வந்ததே எனக்குப் பயத்தைத் தந்தது. நேரில் வந்த ஹசனுக்குத் தாடியே இல்லை. மோட்டார்சைக்கிள் திருத்துகிற ஆள், விரல்களில் கிறீஸ். புத்தளத்தில் பதிந்துவிட்டு முன்கூட்டியே இங்கு வந்து கடை போட்டவர்.

"ஐயா, இதை வெட்டுங்கோ. நான், மனிசி, ரெண்டு பிள்ளையள். நாலு பேர். நாப்பத்தொண்டு எண்டு கிடக்கு. பாக்கிற சனம் என்னைக் கள்ளன் எண்டெல்லோ நினைக்கும்?"

"டைப் பண்ணினவை பிழை விட்டிருப்பினம்," என்றேன் அலட்சியமாக. புத்தளக் கோப்பைத் திறந்தேன். அதில் ஹசனுக்கு 4 என்றே இருந்தது. அப்படியானால் அந்த ஒன்று எங்கிருந்து வந்தது?

5.

நிரல் முதலில் திறந்த புத்தளக் கோப்பின் கடைசி வரி:

138, ஹசன், 4

அடுத்துத் திறந்த நீர்கொழும்புக் கோப்பின் முதல் வரி:

1, உம்மு குல்தூம், 5

என் நிரல் வாசித்தது:

138, ஹசன், 41, உம்மு குல்தூம், 5

புத்தளக் கோப்பின் முடிவில், அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் என்டரை யாரும் அழுத்தவில்லை. அதனால் இரண்டு குடும்பங்கள் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டன. நிரல் முதல் மூன்று துண்டுகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டது. எறியச் சொல்லி எழுதியவனும் நானே. முதல் ஆளாகப் போனபடியால்தான் உம்மு குல்தூம் காணாமல் போனார். இரண்டாவதாகப் போயிருந்தால் தப்பியிருப்பார்.

புத்தளக் கோப்பைத் தட்டச்சுச் செய்த றிஸ்வியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். குற்றத்தை அவர் தலையில் கட்டும் எண்ணம் இருந்தது, மறைக்கவில்லை.

"கடைசி வரிக்குப் பிறகு ஏன் என்டர் அமத்தேல்லை?"

"அமத்தினா கீழை ஒரு வெறும் வரி வரும் அண்ணை. அதைப் பாத்தா ஆரோ விடுபட்ட மாதிரி இருக்கும். அதுதான் அமத்தேல்லை."

இதற்கு நான் என்ன சொல்ல? கோப்பு முடியும்போது என்டர் இல்லாவிட்டால் நீயே ஒன்றைப் போட்டுக்கொள் என்று நிரலில் ஒரே ஒரு வரி போதும். ஒன்பதாவது வரி. எட்டு வரியில் முடித்த பெருமையில் அதை நான் எழுதவில்லை.

கூட்டல் எப்படிச் சரிவந்தது என்று கேட்பீர்கள். நான் பயன்படுத்திய கட்டளை ஆட்களை எண்ணுவதில்லை; என்டர் எத்தனை தரம் அழுத்தப்பட்டது என்று எண்ணுகிறது. என் நிரல் எந்த இடத்தில் ஏமாந்ததோ அதே இடத்தில் அதுவும் ஏமாந்தது.

இனி அந்த வார்த்தை. 41ஐப் பார்த்துவிட்டு நான் தயாளினியிடம் சொன்னது இது: "அவையளுக்குக் குடும்பம் பெரிசுதானே."

அவ்வளவுதான். இணுவிலில் பஞ்சலிங்கம் வீட்டில் 41 பேர் என்று வந்திருந்தால் அந்த நிமிடமே நிரலைத் திறந்து பார்த்திருப்பேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அந்த வெளியேற்றத்தைப் பற்றிய "அது நடந்தபோது நான் பிறந்திருக்கவில்லை, ஆகவே" என்ற வாக்கியம் ஏன் நகரவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பட்டியல் நடந்தபோது நான் பிறந்து, வளர்ந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தேன்.

6.

முடிவுகள் கைவசம் உள்ளன.

அ) உம்மு குல்தூமுக்கு வீடு கிடைக்கிறது. புது வீட்டில் பால் காய்ச்சுகிறார். (அவர்கள் வீடு குடிபுகும்போது பால் காய்ச்சுவார்களா? எனக்குத் தெரியாது. அவர்களுடைய பழைய தெருக்களுக்கு அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாது. முடிவை விட்டுவிட்டேன்.)

ஆ) பட்டியல் பிந்திவிடுகிறது. அவர் பஸ் ஏறித் திரும்பிப் போகிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். (இதில் துயரம் அவருக்கு, நல்லவன் என்ற பெயர் எனக்கு. வேண்டாம்.)

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை ஒன்பதாவது வரியை எழுதி நிரலை ஓடவிட்டேன். நானூற்றுப் பதின்மூன்று. 138 ஹசன், 4 பேர். 139 உம்மு குல்தூம், 5 பேர். வெள்ளிக்கிழமை அவர் வருவதற்கு முன் புதிய பட்டியலை ஒட்டிவிடலாம் என்று காலை ஏழரைக்கே தயாளினியையும் வரச்சொல்லிக் கந்தோருக்குப் போனேன். உம்மு குல்தூம் ஏற்கெனவே வாசலில் நின்றார்.

ஒட்டியதும் விரலால் தொட்டுத் தொட்டு வந்து 139இல் நிறுத்தினார். எப்படி விடுபட்டது என்று கேட்டார். கோப்பு, என்டர், நாலோடு ஒட்டிய ஒன்று, எல்லாம் சொன்னேன். நான் நன்றாக விளங்கப்படுத்துவேன்.

"சரி, மெஷின் ஒட்டிப்போட்டுது," என்றார். "ஆனா ஒட்டின பிறகு நீங்கள் பாத்தனீங்கள்தானே, தம்பி? ஒரு வீட்டிலை நாப்பத்தொரு பேர் எண்டு பாக்கேக்கை உங்களுக்கு ஒண்டும் பிழையாப் படேல்லையோ?"

தயாளினி மேசையிலிருந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார்.

நான் பதில் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். உண்மையோ பொய்யோ, எதை எழுதினாலும் நீங்கள் என்னை மன்னித்துவிட்டு அல்லது திட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடுவீர்கள். பட்டியல் நாலு மணிக்கு முன் உம்மு குல்தூமின் பெயரோடு கொழும்புக்குப் போனது என்பது மட்டும் உறுதி.

ஆனால் அவருடைய கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல. தலைப்பை வாசித்துத்தான் நீங்களும் உள்ளே வந்தீர்கள். ஹசன் வீட்டில் நாற்பத்தொரு பேர் என்று கண்டபோது உங்களுக்கு என்ன பட்டது? உம்மு குல்தூம் வாசலில் நிற்கிறார். உங்களுக்கும் முன்னமே வந்துவிட்டார். நான் என்டரை அழுத்திவிட்டேன். அடுத்த வரியில் உங்கள் பதிலை எழுதுங்கள்.