பதின்மூன்றாவது கேள்வி

தாளைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளைக் கண்டாலே நல்லமுத்துவுக்கு ஆகாது. தாளில் ஏறினது லேசில் இறங்காது. இந்தத் தங்கச்செல்வியோ மறதி நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வீடு வீடாக விசாரிக்க அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவள். "ஆத்தாவுக்குப் புத்தி தடுமாறுச்சுன்னா முதியோர் ஹோம்ல விட்டுருவோம்" என்று மகன் பொன்ராஜ் போனில் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மனைவி சோலையம்மாள் உள்ளே உறங்கினாள். வாசல் வேம்படியில் கேள்வி நடந்தது.

"அம்மா வச்ச பொருள வச்ச எடம் தெரியாமத் தேடுறாகளா?"

"இல்ல."

"பழகுன ஆளுக பேரு மறக்குதா?"

"எம்பேர அவ கல்யாணமான நாள்லருந்து சொன்னதில்ல. இதுல மறக்க என்ன கெடக்கு? இல்லன்னு போடு."

பன்னிரண்டு கேள்விக்கும் இல்லைதான். தங்கச்செல்வி கூட்டிப் பார்த்தாள். "மார்க்கு சைபருய்யா. ஒரு கோளாறும் இல்ல."

"அப்பக் கெளம்பு தாயி."

அவள் கிளம்பவில்லை. "இந்தக் கேள்வியெல்லாம் எங்கிட்டோ எழுதுனது. நம்ம பக்கத்துக்குச் சரிப்படுமான்னு எங்களுக்கே தெரியல. அதான் மார்க்கும் போடுறோம், பேச்சும் கேக்குறோம். நேத்து விடிஞ்சதுலருந்து என்ன செஞ்சீக, சும்மா சொல்லுங்க."

சும்மா பேச என்ன காசா, பணமா? பேசினார். உலை வைத்தது அவராம். அவளுக்குப் புகை சேராதாம். குழம்புக்கு உப்பும் அவர் கைதானாம். அவள் போட்டால் இரண்டு தரம் போட்டுவிடுவாளாம். மத்தியானம் கதவில் ஆட்டுமணியைக் கட்டிவிட்டுத்தான் கண்ணயர்ந்தாராம்.

"கதவுக்கு எதுக்குய்யா மணி?"

"தெறந்தா சத்தம் கேக்கணும்ல? போன மாசம் கம்மாய் தாண்டிப் போயி, வீட்டுக்கு வழி தெரியாம..."

வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன செய்ய?

"எம்மகன்ட்டச் சொல்லிருவியா?"

"தாள்ல பேரே கெடையாதுய்யா, நம்பர்தான்."

"எல்லாப் பயலும் இப்பிடித்தான் சொல்லுவான்."

"நம்ப வேணாம். ஆனா அவுக பின்னாலயே ஓட ஒங்களுக்கு இன்னும் எத்தன நாளைக்கு ஏலும்? டாக்டரப் பாத்தா, வீட்டுல வச்சே பாத்துக்கிற வழியச் சொல்லுவாக."

அவள் பன்னிரண்டாவது கேள்விக்குக் கீழே ஏதோ எழுதினாள்.

"என்ன எழுதுற?"

"புதுசா ஒண்ணு. இது எங்க மண்டையில உதிக்கல." வாசித்தாள்: "வீட்டிலுள்ளவர் உங்களுக்குத் தெரியாமல் வெளியே போய்விடுவார் என்று கதவில் மணியோ கயிறோ கட்டுகிறீர்களா?" பிறகு நிமிர்ந்தாள். "மொதல்ல ஒங்ககிட்டதான் கேக்குறேன்."

நல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஆமா" என்றார். "அந்தப் பன்னெண்டையும் மறுபடி கேளு. மெதுவாக் கேளு, அவ முழிச்சிரப்போறா."