வலம்புரி என்று எழுதிய சீட்டு

சிங்கப்பூர் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் ரஷீதாவுக்கு இது பதினாறாவது வருடம். கல்லாகிப்போன நத்தை ஓடுகளைச் சுத்தம் செய்து, எண் எழுதி, இழுப்பறையில் வைப்பது அவள் வேலை. படிப்பு பாலிடெக்னிக் டிப்ளோமா.

ஜூன் மாதத்தில் ஆய்வாளர் வித்யா, அழிந்துபோன ஒரு கடல்நத்தைப் பேரினத்தைப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்தாள். அந்தப் பேரினத்துக்கு ஆதாரமே ஒரே ஓடுதான். அரியலூரில் கிடைத்து இங்கே வந்தது. நடுத்தண்டில் மூன்று மடிப்பு, தோளில் இரண்டு வரிசை முள், வலப்பக்கச் சுருள் என்று ஆங்கிலப் பதிவேடு சொன்னது. அப்படி ஓர் ஓடு எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

ரஷீதா பழைய பெட்டியில் ஓட்டைச் சேகரித்தவரின் சீட்டைக் கண்டெடுத்தாள். தமிழில் "வலம்புரி" என்று இருந்தது. அவளுக்கு ஏதோ உறுத்தியது. மதிய இடைவேளையில் சிராங்கூன் ரோட்டில் ரத்தினம்மாவின் பூஜைப் பொருள் கடைக்குப் போனாள். முக்காடு போட்ட பெண் சங்கு கேட்டதை ரத்தினம்மா விசித்திரமாக நினைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"ஊதுற முனை கீழ இருக்கணும்மா. அப்ப வாய் வலப்பக்கம் தெரிஞ்சா வலம்புரி."

சேமிப்பறையில் அந்த முனையை மேலே வைத்துத்தான் ஓட்டைப் பார்ப்பார்கள். சங்கைத் திருப்பிப் பிடித்தாள். வாய் இடப்பக்கம் வந்தது. சீட்டை ஆங்கிலத்தில் பதிவு செய்தவர் இதை அறியாமல் 'வலப்பக்கச் சுருள்' என்று எழுதிவிட்டார்.

திரும்பியதும் 'இனம் தெரியாதவை' இழுப்பறையைத் திறந்தாள். இடப்பக்கம் சுருண்ட ஓர் ஓடு. மூன்று மடிப்பு, இரண்டு வரிசை முள். அதை வித்யாவிடம் கொண்டுபோனாள்.

வித்யா நெடுநேரம் லென்ஸில் பார்த்தாள். "ஓடு இதுதான் ரஷீதாக்கா. ஆனா நத்தைங்க பெரும்பாலும் வலப்பக்கம்தான் சுருளும். ஏதோ ஒன்னு மட்டும் தப்பாச் சுருண்டு பிறந்திருக்கலாம் லா. அத வச்சுப் பேரினம்னு சொல்ல முடியாது."

நியாயமான சந்தேகம்தான். சீட்டு இருந்த அதே பெட்டியில் அரியலூரிலிருந்து வந்த, உடைக்கப்படாத கற்கட்டிகள் கிடந்தன. ரஷீதா அனுமதி வாங்கி, ஏழு வாரம் ஊசியாலும் தூரிகையாலும் அவற்றைச் சுரண்டினாள். நான்கு ஓடுகள் வெளிவந்தன. நான்கிலும் அதே மடிப்புகள், அதே முள்வரிசைகள். நான்கும் இடப்பக்கம் சுருண்டவை.

ஐந்தையும் வித்யாவின் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"ஒன்னு தப்பாப் பிறக்கலாம், டாக்டர். அஞ்சும் இப்படின்னா அது அதோட குணம்."

வித்யா நீக்கல் கட்டுரையைக் கைவிட்டாள். புதிதாக எழுதியதில் ரஷீதாவின் பெயரை முதலில் போட்டாள். அருங்காட்சியகத்தில் நடந்த கருத்தரங்கிலும் அவளையே பேசச் சொன்னாள். பேச்சு முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். ரஷீதா மைக்கை நெருக்கிக்கொண்டு, இந்தக் கட்டடத்தின் சேமிப்பறை என்றாள். அவர் தலையசைத்துவிட்டு, மடிப்புகளைப் பற்றி அடுத்த கேள்வியைக் கேட்டார். அவளுக்கு அதற்கும் பதில் தெரிந்திருந்தது.