வயர்லெஸ்ஸில் சொன்ன இடம்

குமாரவேல் மாமாவுக்கு எதிராக இலங்கை கோர்ட்டில் இருக்கும் பெரிய சாட்சி, நான் எழுதிய மனு. அவரைக் காப்பாற்றத்தான் எழுதினேன். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்தது.

மாமா என் அக்கா பவுனம்மாளின் கணவர். காசிமேட்டில் அவர் ஒரு விசைப்படகுக்கு டிரைவர், நான் இன்னொன்றுக்கு. கோடியக்கரைக்குக் கிழக்கே தொழில் செய்தபோது அவர் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. போன வருடமும் பிடித்து, எச்சரித்து விட்டார்கள். இரண்டாம் முறையும் எல்லை தாண்டியது உறுதியானால் ஜெயில்தான்.

நான் மனுக் கொடுத்த மீன்துறை ஆபீஸில் அதிகாரி மேஜையில் வரைபடத்தை விரித்தார். எழுபத்து நாலில் இலங்கையோடு பாக் நீரிணையில் எல்லைக்கோடு போட ஒரு ஒப்பந்தம், எழுபத்தாறில் வங்காள விரிகுடா வரைக்கும் இன்னொன்று. கூடவே கடிதமும் எழுதிக்கொண்டார்கள், இந்தப் பக்கத்தான் அந்தப் பக்கம் மீன் பிடிக்கக் கூடாதென்று. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்காவது வலை இழுத்துக் கை கிழிந்திருக்குமா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நீங்க எழுதின இடம் இது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு மைல். உங்க மனு டெல்லி போயி, அங்கேருந்து அவங்க கைக்கும் போயிடுச்சு" என்றார்.

"சார், அது மாமா வயர்லெஸ்ல சொன்ன எடம், பொய் சார். வயர்லெஸ்ல எவனும் நெசமான எடத்த சொல்ல மாட்டான். மீன் கீற எடத்த சொன்னா நாப்பது போட்டு வந்து நிக்கும்."

"அப்புறம் ஏன் அதையே எழுதினீங்க?"

"எடம் போடலன்னா மனுவ வாங்க மாட்டோம்னீங்களே சார். எனுக்கு வேற இன்னா தெரியும்?"

மீன் இருக்கும் இடம் வேறு யாருக்கும் தெரியக் கூடாதென்று, மாமா வந்த வழியை ஜிபிஎஸ்ஸில் அன்றன்றே அழித்துவிடுவார். எல்லா டிரைவரும் செய்வதுதான். ஆகவே படகிலும் ஆதாரம் இல்லை. முதல் மனு தவறென்று இன்னொரு மனு எழுதிக் கொடுத்தேன். அது போய்ச் சேரப் பத்து நாளாகும் என்றார் அதிகாரி. தீர்ப்போ மறுநாள்.

வாசலில் நின்ற அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கி பக்கத்துல எந்த போட்டுடா இருந்திச்சி?" என்று கேட்டாள்.

"என்து மட்டும்தான்க்கா."

அப்படியானால் அந்தப் பொய் எனக்குச் சொன்னதுதான். போன மாதம் மாமா என்னை நம்பிச் சொன்ன இடத்தில் அவருக்கு முன்னால் போய் வலை விட்டு, மொத்தத்தையும் வாரிக்கொண்டு வந்தவன் நான். அது அவளுக்கும் தெரியும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் பதினெட்டு மாதம் என்று தீர்ப்பு வந்தது. மாமா உண்மையான இடத்தைச் சொன்னாராம். உங்கள் ஊர் மனுவே வேறு சொல்கிறதே என்றார்களாம்.

சாயங்காலம் வக்கீலின் போனில் மாமாவைப் பேச விட்டார்கள். அக்காவிடம் பேசிவிட்டு என்னைக் கேட்டார்.

"மாமா, என்னாலதான்..."

"வுடு மச்சான். டைம் இல்ல, எழுதிக்கோ" என்று ஜிபிஎஸ் எண்களைச் சொன்னார். "அன்னிக்கி நான் நின்ன எடம். நல்ல மீன் கீது. யார்கிட்டயும் சொல்லாத. நீ போய் புடி, அக்காவையும் புள்ளைங்களையும் பாத்துக்கோ."

குறித்துக்கொண்டு படத்தில் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம், முழுசாக இரண்டு மைல் உள்ளே இருந்தது.